ஓதம் ஏறிய சுவர்

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைக் கடந்தபோது, எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற தென்னை ஒன்று வடக்குச் சுவரின் மேல் சாய்ந்தது. கூரையில் ஒரு மூலை ஓடு போனது. சுவரில் ஒரு பாய் அளவுக்குக் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. அவ்வளவுதான். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னையைப் பறிகொடுத்தவர்களிடம் இதைச் சேதம் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. புயல் போன பிறகு அந்தச் சுவருக்கு நான் செய்த வைத்தியத்தைத்தான் இங்கே எழுத வந்தேன்.

வீடு திருமயத்துக்குப் பக்கம். பாட்டையா பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்து, சேர்த்த பணத்தில் 1934இல் கட்டியது. செட்டிநாட்டு வீடு என்று நான் சொன்னால் ராயவரத்துக்காரர்களும் கோனாபட்டுக்காரர்களும் சிரிப்பார்கள். இரண்டு கட்டு, ஒரு முற்றம், நாலு மரத்தூண், அவ்வளவுதான். ஆனால் பெரிய வீடுகளில் வேலை பார்த்த கைகள்தான் இதையும் பூசியிருக்க வேண்டும். உள்சுவர் அப்படியொரு வழுவழுப்பு. சித்திரை வெயிலில் விளையாடிவிட்டு வந்து அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்போம். "சுவத்துல எண்ண படுதுடா, தள்ளி நில்லு" என்று அப்பத்தா கத்தும்.

புயலுக்குப் பிறகு கொத்தனார் வந்தார். அந்தச் சமயத்தில் என் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. நம் முன்னோர்கள் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டையும் கலந்து கட்டினார்கள், அதனால்தான் ஆயிரம் வருஷம் நிற்கிறது என்ற வகையறா. நான் நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, கருப்பட்டியோடு ஒரு அண்டாவில் ஊறப்போட்டு வைத்திருந்தேன். கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சுண்ணாம்புக்கு ஊத்துறது. சிமெண்டுக்கு ஆகாது" என்றார். நான் கேட்கவில்லை. எல்லாம் ஒரே சாந்துதானே என்று ஊற்ற வைத்தேன்.

மறுநாள் காலையில் சுவரை நகத்தால் சுரண்டினால் அப்பிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. சிமெண்டு இறுகுவதைச் சர்க்கரை தடுக்கும், அதுவும் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு விழுந்தாலே இழுத்தடிக்கும் என்பது பொறியியல் முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். கொத்தனாருக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

சுரண்டி எடுத்தோம். வந்த ரோஷத்தில் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். பெயர்ந்த இடத்தில் மட்டும் சிமெண்டு பூசினால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும், வெளிச்சுவர் முழுக்கக் கொத்திவிட்டு ஒண்ணுக்கு நாலு கலவையில் பூசிவிடுங்கள் என்றேன். அவர் ஒரு நாள் முழுக்க உளியும் சுத்தியுமாகப் பழைய காரையைக் கொத்தினார். "மனசு வரல தம்பி, கல்லு மாதிரில்ல இருக்கு" என்று இரண்டு முறை சொன்னார். எனக்குச் சுவர் ஒரே நிறமாக இருக்கணும்.

2021 ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது நினைவிருக்கும். அந்த மழையில் வடக்குச் சுவரின் உள்பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியது. எண்பத்தேழு வருஷமாக ஏறாத ஓதம் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் ஏறும், வெயில் வந்ததும் காய்ந்துவிடும். இந்த முறை தை பிறந்தும் காயவில்லை. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. வெளிப்பக்கம் விரலால் தட்டினால் பானையைத் தட்டுகிற சத்தம். மாசியில் ஒருநாள் மதியம் சிமெண்டுப் பூச்சு ஒரு கதவு அளவுக்குப் பாளமாக விழுந்தது. புரட்டிப் பார்த்தேன். அதன் முதுகில் செங்கல்லின் தோல் சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சிமெண்டு உடையவில்லை. அது பத்திரமாக இருந்தது. செங்கல்தான் உரிந்திருந்தது.

அன்றைக்குத்தான் சுண்ணாம்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்த சங்கதிதான். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு ஏறத்தாழ 900 டிகிரிக்கு மேல் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். நூறு கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோதான். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, வெடித்து, நீறிப் பொடியாகும், அல்லது களியாகும். இந்த நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகிறது. போன 44 கிலோ மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது.

இந்த "மெல்ல மெல்ல"வில்தான் விஷயமே இருக்கிறது. சிமெண்டு தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. தண்ணீர் உள்ளேயே இருப்பதால் சுவரின் நடுவிலும் அதே வேகம். இருபத்தெட்டு நாளில் பெரும்பகுதி வலிமை வந்துவிடும். சுண்ணாம்புக்கு வேண்டியது காற்று. காற்று மேலிருந்து உள்ளே போக வேண்டும், போகும் வழியில் கொஞ்சம் ஈரமும் இருக்க வேண்டும். மேல்தோல் வாரங்களில் கல்லாகும். கனமான சுவரின் நடுப்பகுதிக்கு ஆண்டுகள் ஆகலாம்.

அத்தை மகன் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறான். விழுந்த சிமெண்டுப் பாளத்தில் ஒரு துண்டையும், கொல்லையில் நான் கொட்டி வைத்திருந்த பழைய காரையில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டையும் உடைத்து, உடைந்த முகத்தில் பினால்ப்தலீன் விட்டான். காரத்தன்மை இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் திரவம். சிமெண்டின் ஓரங்கள் நிறமற்று இருந்தன, உள்ளே பளிச்சென்று ரோஜா நிறம். 1934ஆம் வருஷத்துக் காரை எந்த நிறமும் காட்டவில்லை. அதில் இனி வாங்க வேண்டிய காற்று பாக்கியில்லை. "உன் பாட்டையா சுவரு முழுசாக் கல்லாயிடுச்சு மாப்ள. அதத்தான் கொத்திப் போட்டிருக்க" என்றான்.

சரி, கல்லாகிவிட்ட காரை சிமெண்டைவிட வலுவா? இல்லவே இல்லை. ஒண்ணுக்கு நாலு சிமெண்டுக் கலவை சதுர மில்லிமீட்டருக்கு ஏழெட்டு நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும். சுண்ணாம்புச் சாந்து ஒன்றிரண்டைத் தாண்டினாலே பெரிது. நம் ஊர் நாட்டுச் செங்கல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் இருக்கும். இந்த மூன்று எண்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் என் சுவருக்கு என்ன நடந்தது என்று விளங்கியது. பழைய சுவரில் இருப்பதிலேயே மெலிந்தது சாந்து. சுவர் அசைந்தால் சாந்துதான் விரிசல் விடும், செங்கல் தப்பிக்கும். அந்த விரிசலில் மழைநீர் இறங்கும்போது கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய் விரிசலுக்குள்ளேயே படியவைக்கும்; மயிரிழை விரிசல்கள் தாமாகவே அடைபடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சாந்தின் நுண்துளைகள் வழியே வெளியேறும். அதோடு வரும் உப்பும் சாந்தில்தான் பூக்கும், சாந்தைத்தான் அரிக்கும். இருபது முப்பது வருஷத்துக்கு ஒருமுறை அந்த இடத்தை மட்டும் பூசிவிட்டால் போதும்.

நான் அந்தச் சுவருக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டேன். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்பக்கம் திரும்பியது. உப்பு, சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் படிகமாகி நெம்பியது. நெம்பும்போது இருப்பதிலேயே மெலிந்தது எதுவோ அதுதான் உடையும். இப்போது அது செங்கல்.

*

இதையெல்லாம் படித்த பிறகு புதுக்கோட்டையைச் சுற்றிப் பார்க்கும் விதம் மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போனபோது தாமரைக் குளத்தையும் அன்னப்பறவையையும்தான் பார்த்தேன். போன வருஷம் போனபோது ஓவியத்தை விட்டுவிட்டு அதன் அடியில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காவல்காரருக்கு என்மேல் சந்தேகம் வந்திருக்கும்.

அறிவர் கோயிலின் அந்த ஓவியங்கள் பாறையில் வரையப்பட்டவை அல்ல. பாறைமேல் பூசிய மெல்லிய சுண்ணாம்புப் பூச்சில் இருக்கின்றன. கரடான ஒரு பூச்சு, அதன்மேல் நேர்த்தியான சுண்ணாம்பு. இரண்டும் சேர்ந்து சில மில்லிமீட்டர் கனம்தான். இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைப் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது, ஒன்பதாம் நூற்றாண்டு. அப்படியானால் அந்தச் சில மில்லிமீட்டருக்கு ஆயிரத்து நூறு வயதுக்கு மேல். நிழலில், மழை நேராகப் படாத விதானத்தில் இருந்த பகுதி தங்கியது. கைக்கு எட்டிய இடங்களில் பெரும்பாலும் போய்விட்டது. சாந்தின் ஆயுளைப் பற்றிப் பேசும்போது கலவையை மட்டும் பேசுகிறோம். அது எங்கே இருந்தது, யார் கை பட்டது என்பதும் அதில் சேரும். இப்போது முன்னால் நிற்கும் தூண் மண்டபம்கூட இருபதாம் நூற்றாண்டில், புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிர்வாகியாக இருந்த டாட்டன்ஹாம் சொல்லி, குடுமியான்மலையில் இடிந்து கிடந்த மண்டபத்தின் தூண்களைக் கொண்டுவந்து கட்டியது. பூச்சுக்கு ஒரு கூடுதல் நிழல்.

நார்த்தாமலையின் விஜயாலய சோழீச்சரத்துக் கல்வெட்டு ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தமானது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையில் இடிந்து அழிய, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான் என்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இதே மாவட்டத்தில் ஒரு பேய்மழை, அதன் பிறகு ஒரு ரிப்பேர் வேலை. கட்டியவன் பெயரோடு பழுது பார்த்தவன் பெயரும் கல்லில் இருக்கிறது. என் வடக்குச் சுவரைப் பற்றி யாரும் கல்வெட்டு வைக்க மாட்டார்கள், நல்லவேளை.

அந்தக் கோயிலின் உள்ளே பிற்காலத்தில் பூசி வரைந்த ஓவியங்கள் உண்டு. அவற்றின் சாந்தை ஆராய்ந்தவர் எஸ். பரமசிவன். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த தொல்லியல் வேதியியலாளர். சி.வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் 1938இல் அந்தக் கட்டுரை வந்தது. தஞ்சைப் பெரிய கோயில், காஞ்சி கைலாசநாதர் என்று 1930களில் தமிழ்நாட்டுச் சுவர்கள் பலவற்றின் பூச்சை அவர் இப்படிப் பார்த்திருக்கிறார். ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது நாம் கோடு, வண்ணம், பாவம் என்று போய்விடுகிறோம். பரமசிவனைப் போன்றவர்கள் ஏற்கெனவே உதிர்ந்த ஒரு துணுக்கை எடுத்து, குறுக்குவெட்டாக நுண்ணோக்கியில் வைத்து, எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் என்ன கனம் என்று எண்ணுவார்கள். நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும், மணல் அடியில் தங்கும். அதைக் கழுவி, காயவைத்து, நிறுத்தால் கலவை விகிதம் தெரியும். நூற்றாண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு கொத்தனார் எத்தனை சட்டி சுண்ணாம்புக்கு எத்தனை சட்டி மணல் போட்டார் என்பதை ஒரு ஆய்வுக்கூடத் தராசு சொல்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய வரலாற்று ஆதாரம் எதுவும் இல்லை.

இன்னொரு பக்கம் திருமயம் கோட்டை. 1687இல் சேதுபதி கட்டியது. எங்கள் ஊரில் ஊமையன் கோட்டை என்றுதான் சொல்வோம். மேலே ஏறி, செங்கல் கைப்பிடிச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சில இடங்களில் சாந்து உள்வாங்கி, செங்கல் பல் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். முன்பெல்லாம் பாழடைந்து கிடக்கிறது என்று நினைப்பேன். இப்போது பார்த்தால், சாந்து தன் வேலையைத்தான் செய்திருக்கிறது என்று தோன்றுகிறது. தேய வேண்டியது தேய்ந்து, நிற்க வேண்டியது நிற்கிறது.

*

இனி அந்தக் கடுக்காய்க்கு வருவோம். வாட்ஸ்அப் சொன்னது முழுப் பொய் கிடையாது.

1730களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில், செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் ஒரு சிறு குறிப்பு எழுதினார். சென்னையில் மிகச் சிறந்த சாந்து தயாரிக்கும் முறை என்பது தலைப்பு. மணலும் சுண்ணாம்பும் கலந்து ஊறவைப்பது, வெல்லம் கரைத்த தண்ணீர், ஒரு பயற்றை வேகவைத்த கஞ்சி, கடுக்காய்க் கஷாயம், பிறகு அடி அடி என்று அடிப்பது. மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் நெய்யும் பால்பொருளும். கண்ணாடி போலப் பளபளக்கும் மெட்ராஸ் சுண்ணத்தைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் பளிங்கு என்று ஏமாந்தார்கள் என்று பழைய பயணக் குறிப்புகளில் அடிக்கடி வரும். எங்கள் பக்கத்து வீடுகளின் உள்சுவர்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்: அடுக்கடுக்கான பூச்சு, கடைசியில் சலித்த சுண்ணாம்பு மாவு, வெள்ளைக்கரு, பிறகு வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பு.

இதில் எது எதற்கு என்று இப்போது பல ஆய்வுக்கூடங்கள் சோதிக்கின்றன. வேலூர் வி.ஐ.டி.யில் திருமாலினியும் அவருடன் ஆய்வு செய்பவர்களும் கடுக்காய், வெல்லம் போன்றவை ஊறி நொதித்த நீரில் பிசைந்த சுண்ணாம்பின் வலிமையையும், நீர் உறிஞ்சும் அளவையும் பல வருஷமாக அளந்து வருகிறார்கள். சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் அதிகம் கரையவிடும். கலவை குழைந்து, கரண்டிக்கு வசப்படும். நொதிக்கும்போது வரும் கரியமில வாயு, சுண்ணாம்பு வெளியிலிருந்து வாங்க வேண்டியதில் ஒரு பங்கை உள்ளேயே கொடுக்கிறது. சீனாவில் பசையரிசிக் கஞ்சி கலந்த சுண்ணாம்பைச் செஜியாங் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து, அரிசியின் அமைலோபெக்டின் சுண்ணாம்புப் படிகங்களைச் சிறிதாகவும் நெருக்கமாகவும் வைத்திருக்கிறது என்று 2010இல் எழுதினார்கள். ரோமானியக் கான்கிரீட்டில் வெள்ளைக் கட்டிகளாகக் கிடக்கும் சுண்ணாம்பை, சரியாகக் கலக்காத அலட்சியம் என்று முன்பு நினைத்தார்கள். அது சுடச்சுட நீறும்போதே கலந்ததால் வந்தது, விரிசலில் தண்ணீர் இறங்கினால் அந்தக் கட்டி கரைந்து விரிசலை அடைக்கிறது என்று 2023இல் எம்.ஐ.டி.யின் அட்மிர் மாசிக் குழு சொன்னது.

ஆக, கஞ்சியும் கஷாயமும் வேலை செய்கின்றன. ஆனால் அவை இல்லாமலும் நல்ல சுண்ணாம்புச் சுவர்கள் உலகமெங்கும் நிற்கின்றன. நன்றாகச் சுட்டு, நன்றாக நீற்றி, மாதக்கணக்கில் ஊறவிட்டு, செக்கில் அரைத்து, அவசரப்படாமல் பூசி, சீக்கிரம் காயவிடாமல் ஈரம் காட்டுவது எல்லா ஊருக்கும் பொது. கடுக்காய் அதன்மேல் வரும் தாளிப்பு. நான் அடுப்பே மூட்டாமல் தாளிக்கப் பார்த்தேன். (முட்டை கலந்து கட்டிய கற்கோயில் என்று இன்னும் யாராவது அனுப்பினால் ஒரு வார்த்தை: சோழர் கற்றளிகளில் கருங்கல் பெரும்பாலும் சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கப்பட்டது. சுண்ணாம்புக்கு வேலை அங்கே மேலே செங்கல் வேலையிலும் சுதை வேலையிலும் பூச்சிலும்தான்.)

*

அப்புறம் ஏன் விட்டோம்?

1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் முதல் முயற்சி 1904இல் சென்னையில், கடற்சிப்பியை வைத்து நடந்து தோற்றது. 1914இல் போர்பந்தரில் நிலைத்தது. எங்களுக்குப் பக்கம் என்றால் திருச்சி மாவட்டம் கல்லக்குடி. 1939இல் அங்கே டால்மியா ஆலை வந்து, ஊரின் பெயரே டால்மியாபுரம் ஆனது. அந்தப் பெயரை மாற்றச் சொல்லி 1953இல் தண்டவாளத்தில் தலைவைத்த போராட்டம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர்க்கல் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் பவளமும் பாசியும் சிப்பியும்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பும் கல்லக்குடி சிமெண்டும் மூலத்தில் சொந்தக்காரர்கள்.

சிமெண்டு மூட்டையாக வந்தது. குழி வேண்டாம், காளவாய் வேண்டாம், செக்கும் மாடும் வேண்டாம். இதைச் சோம்பேறித்தனம் என்றும் வெள்ளைக்காரன் சதி என்றும் எழுதுகிறார்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன், ஒரு அம்மாவைச் சந்திக்கும் வரை.

2022 பங்குனியில் மிச்சமிருந்த சிமெண்டுப் பூச்சையும் பெயர்த்துவிட்டுச் சுவரைக் காயப்போட்டேன். சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடி அரிமளம் பக்கம் ஒரு பெரியவரைப் பிடித்தேன். எண்பதை நெருங்கியவர். சின்ன வயதில் செட்டியார் வீடுகளில் வேலை கற்றவர். நான் முதலில் கேட்ட கேள்வி, "ஐயா, கடுக்காய் எத்தன கிலோ போடணும்?"

"மொதல்ல குழிய வெட்டு. கடுக்காயப் பத்தி மூணு மாசம் கழிச்சுப் பேசுவோம்."

அவருடைய மனைவி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரோடு சித்தாளாக வேலைக்குப் போனவர். நான் பழைய சாந்தின் பெருமையைப் பேசிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கையை நீட்டினார். விரல் நுனிகளில் ரேகை இல்லை.

"பெருமயெல்லாம் சரித்தான் அப்பு. சுண்ணாம்பு நீத்துறப்ப பொங்கித் தெறிக்கும். அரச்ச கலவைய வெறுங்கையால அள்ளணும். வெரல் இடுக்கெல்லாம் வெந்துபோயி, ராத்திரி சோறு பெசைய முடியாது. தேங்காண்ணெயத் தடவிக்கிட்டுப் படுத்துருவோம். தளம் போட்டா வரிசையா ஒக்காந்து கட்டையால அடிக்கணும், நாள் கணக்கா. புள்ளைய ஓரமாத் தொட்டில்ல போட்டுட்டு அடிப்போம்."

"சிமெண்டும் அரிக்குமே ஆத்தா?"

"அரிக்கும். ஆனா அது ஒரு நாளு வேல. இது மாசம் பூரா. சிமெண்டு வந்துச்சு, கை பொழச்சுச்சு."

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

சுண்ணாம்புக்கு வேண்டிய காலத்தைப் பற்றி நான் எவ்வளவோ படித்திருந்தேன். காற்றுக்கு எத்தனை வருஷம், ஈரத்துக்கு எத்தனை வாரம் என்று. அந்தக் காலம் யாருடைய கையில் கழிந்தது என்று எந்த ஆய்வுக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை; தேடவும் இல்லை. பரமசிவனின் தராசில் மணலும் சுண்ணாம்பும் தனித்தனியாக நிற்கும். அடித்த கட்டையும் அள்ளிய கையும் அதில் எடை காட்டாது. சிமெண்டு வந்து நம் கட்டடக்கலை அழிந்தது என்று சொல்லும்போது, அந்த அம்மாவின் விரல்களை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அதே சமயம் என் சுவருக்குச் சுண்ணாம்புதான் வேண்டும், அதிலும் மாற்றம் இல்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

நாங்கள் ரப்பர் கையுறை வாங்கினோம். கண்ணாடி வாங்கினோம். செக்குக்குப் பதில் வாடகைக்குக் கலவை இயந்திரம். பெரியவருக்கு அதில் திருப்தியே இல்லை. "இது கிண்டுது, அரைக்கல" என்றார். குழியில் நான்கு மாதம் ஊறிய சுண்ணாம்பை முதன்முதலில் வெட்டி எடுத்தபோது வெண்ணெய் மாதிரி இருந்தது. அதை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் முகம் தெளிந்தது. கடுக்காயும் கருப்பட்டியும் போட்டோம், கொஞ்சமாக. முட்டை வேண்டாம் என்றுவிட்டார். "வெளிச்சுவத்துக்கு எதுக்கு பவுடரு?"

மார்கழி கழித்து 2023 தையில் பூசினோம். இரண்டு கை பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நாளுக்கு மேல் இடைவெளி. சாக்கு நனைத்துத் தொங்கவிட்டு, வெயில் நேரே படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மாசி முழுக்கச் சாயங்காலமானால் நான் தண்ணீர் தெளித்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் தினமும் வேலியோரம் வந்து, "என்ன தம்பி, இன்னும் காயலயா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மேல்பூச்சு பழைய வழுவழுப்புக்கு வரவில்லை. கல் தேய்க்கும் அளவுக்குப் பெரியவருக்குத் தோள் வலுவில்லை, எனக்குக் கை தெரியவில்லை. கிட்டப் போனால் கரண்டித் தடம் தெரியும்.

வடக்குச் சுவரின் உள்பக்கம், ஓதம் ஏறிய உயரத்தை 2022 தையிலிருந்தே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். முதல் கோடு என் இடுப்புக்கு இருக்கிறது. போன கார்த்திகை மழையில் போட்ட கோடு முழங்காலுக்குக் கீழே, அதுவும் பொங்கலுக்குள் காய்ந்துவிட்டது. கிழக்குச் சுவரில் அப்பா காலத்தில் பூசிய சிமெண்டு இன்னும் இருக்கிறது. நேற்றுத் தட்டிப் பார்த்தேன். நடுவில் ஓர் இடத்தில் பானைச் சத்தம் கேட்கிறது.